ஆகாயத்தில் சொன்ன ஓம்

உடுப்பிட்டியில் அருளம்பலத்தோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். அவர் ஓம் என்றால் அது ஓம் இல்லை. வெங்காய வியாபாரி வந்து விலை சொன்னால் ஓம் என்பார். கோயில்காரர் வந்து திருவிழா உபயத்தைப் பற்றிக் கதைத்தால் அதற்கும் ஓம். பக்கத்து வளவுக்காரன் வேலியைக் கொஞ்சம் தள்ளி அடைக்கட்டோ என்று கேட்டபோது, சிரித்த முகத்தோடு ஓம் என்று தலையாட்டினார். அடுத்த நாள் புது வேலியைக் கண்டதும் அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டார். ஆள் ஏமாற்றுக்காரர் அல்லர். காது கேளாது. கேளாது என்று சொல்ல வெட்கம். அதனால் எதிரில் நிற்பவரின் வாய் அசைந்து நின்றதும் ஒரு ஓமைப் போட்டுவிடுவார்.

பிறக்கும்போதே செவிடராகப் பிறந்தவர் அல்லர் அவர். வடமராட்சியில் பெரிய சண்டை தொடங்கிய வைகாசி மாதம், எல்லோரும் உடனே கோயிலுக்குப் போய்ச் சேரும்படி ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒன்று ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்லிக்கொண்டு போனது. அவருடைய மனைவி பத்மாவதி கைக்குழந்தை ஆரணியைத் தோளிலும், நடக்கத் தெரிந்த கீர்த்திகனைக் கையிலுமாகப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அருளம்பலம் வெங்காயப் பாத்திக்குக் கடைசித் தண்ணீரை மாறிவிட்டு வருகிறேன் என்று நின்றார். கிணற்றடியில் விழுந்த ஷெல் ஆளைக் கொல்லவில்லை. ஒரு காதை முழுதாகவும், மற்றதை ஏறக்குறைய முழுதாகவும் எடுத்துக்கொண்டு போனது. மிஞ்சிய அந்தத் துளிக் காதுக்கு எட்டிய சத்தம் ஒலிபெருக்கி ஒன்றுதான்.

அன்றைக்கு அறிவித்தலைக் கேட்டு எழும்பிப் போயிருந்தால் காது இருந்திருக்கும் என்பது அவருடைய மனதில் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒலிபெருக்கி சொன்னதை மனுசன் தட்டியதே இல்லை. அடையாள அட்டையோடு மைதானத்துக்கு வா என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பார். ஊரடங்கு என்றால் ஊரடங்கு. ஒன்றைச் செய்யச் சொல்லிவிட்டால், இனிப் போதும் என்று அதே ஒலிபெருக்கி சொல்லும்வரை செய்துகொண்டேயிருப்பார். ஒருமுறை ஊரடங்கு எடுத்ததை அறிவித்த வாகனம் அவருடைய ஒழுங்கைக்கு வரவில்லை. ஊர் முழுக்கச் சந்தைக்குப் போய் மீன் வாங்கிச் சமைத்துச் சாப்பிட்ட பிறகும், அருளம்பலம் படலைக்கு உள்ளேயே நின்றார். போட்டவன் வந்து எடுக்கட்டும் என்றார். சிரித்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள்.

சிரிக்க முடியாத கதை ஒன்றும் அந்த வீட்டில் இருக்கிறது. சண்டையில் பாதை பூட்டிக் கிடந்த 2006ஆம் ஆண்டு, கிணற்று மோட்டருக்கு வாசர் வாங்க நெல்லியடிக்குச் சைக்கிளில் போன கீர்த்திகன் திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. அப்போதுதான் அவனுக்கு மீசை ஒழுங்காக அரும்பி முடிந்திருந்தது. முகாம், பொலிஸ், மனித உரிமை அலுவலகம், விசாரணைக் குழு என்று தாயும் தகப்பனும் ஏறாத படி இல்லை. அவள் கதைப்பாள், அவர் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு ஆரணி கல்யாணம் முடித்துக் கனடாவுக்குப் போனாள். வீட்டில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

பன்னிரண்டு வருடம் கடந்தால், ஆள் இல்லாமலே தர்ப்பையில் உருவம் செய்து அந்தியேட்டி செய்யலாம் என்று ஐயர் ஒருவர் பத்மாவதிக்குச் சொன்னார். செத்தவருக்குப் பிண்டம் வைத்துக் கரையேற்றுகிற அந்தக் காரியம் நடக்காவிட்டால் ஆவி பசியோடு அலையும் என்றும் சொன்னார். அவள் வந்து அருளம்பலத்துக்கு முன்னால் நின்று, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். வாயசைவைப் பார்த்து விளங்கிக்கொண்ட மனுசனுக்கு முகம் கறுத்துப்போனது.

“என்ரை பிள்ளைக்கு நான் பிண்டம் வைக்க மாட்டன். பிணத்தைக் கொண்டுவந்து காட்டு, பேந்து கதை.”

அப்படிச் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சு எந்த வழியால் வந்தாலும் அவர் எழும்பிப் போவார். பேசியே ஆகவேண்டும் என்று அவள் பின்னால் போனால், கிணற்றடிக்குப் போய் மோட்டரைப் போட்டுவிடுவார். பத்மாவதி பேசாமல் விட்டாள். விட்டாளே தவிர மறக்கவில்லை. மானிப்பாயில் இருந்த அவளுடைய தம்பி கோபிசங்கருக்கு அது நன்றாகத் தெரியும்.

சென்ற வருடம் இருவரையும் ஆரணி ரொறன்ரோவுக்கு அழைத்தாள். அங்கேதான் அருளம்பலத்துக்குக் காது மிசின் வந்தது. இரண்டு காதுக்கும் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒட்டிக்கொண்டு, புளூடூத்தில் தொலைபேசியோடும் தொடுத்துக்கொள்கிற சாமான். மருத்துவர் அதை முடுக்கிவிட்டதும் அருளம்பலம் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினார். யாரோ முதுகுக்குப் பின்னால் பலகை அரிகிறான் என்று நினைத்தார். அது அவருடைய சொந்த மூச்சு.

அதற்குப் பிறகு நாளுக்கு ஒரு அதிர்ச்சி. குளிர்பெட்டி உறுமும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தன் குரல் இவ்வளவு கரடுமுரடாக, இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்றும் தெரியாது. முதல் நாள் தெருவுக்கே கேட்கிற சத்தத்தில் தேத்தண்ணி கேட்டுவிட்டு, தன் குரலுக்குத் தானே பயந்து வாயைப் பொத்திக்கொண்டார். ஆரணி விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது.

சிரிப்பு வராத அதிர்ச்சி ஒன்று குசினியில் காத்திருந்தது. ஒரு விடியப்புறம் பத்மாவதி அங்கே யாரோடோ கதைக்கிற சத்தம் கேட்டது. தொலைபேசி என்று நினைத்து எட்டிப்பார்த்தார். தொலைபேசி மேசையில் கிடந்தது. குசினியில் வேறு யாரும் இல்லை. அவள் அடுப்பைப் பார்த்தபடி, இண்டைக்குப் புட்டு, ஆறமுன்னம் சாப்பிடு அப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அருளம்பலம் கால் ஓசை கேட்காமல் திரும்பி வந்து கட்டிலில் இருந்தார். வீட்டில் கீர்த்திகனைத்தான் அப்பு, தம்பி என்று கூப்பிடுவார்கள். தங்கள் வீட்டில் சத்தமே இல்லை என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டு இருந்தவர் அவர். அவள் இப்படி எத்தனை காலமாகக் கதைத்துக்கொண்டிருக்கிறாள் என்று கேட்கப் பயமாக இருந்தது. கேட்கவில்லை.

பத்மாவதிக்கும் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. மனுசனுக்கு இப்போது காது கேட்கிறது. இனிக் கேட்கவில்லை என்ற சாட்டு இல்லை. கேட்டுவிடலாம். ஆனால் ஆரணியின் வீட்டில் எத்தனையோ தரம் வாயைத் திறந்து மூடினாள். ஒவ்வொரு முறையும் அவர் எழும்பிப்போன அந்தப் பழைய முகம் நினைவுக்கு வந்து தடுத்தது. கோபிசங்கரோ, வருகிற அமாவாசை நல்ல நாள், கீரிமலைத் தீர்த்தக் கரையில் எல்லாம் ஒழுங்கு செய்கிறேன், அத்தானிடம் சம்மதம் மட்டும் வாங்கு என்று ஊரிலிருந்து நெருக்கிக்கொண்டிருந்தான். இன்னொன்றும் சொன்னான். அத்தானின் ஓமை ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள், ஆகவே அவர் சொல்வதைக் குரல் பதிவாக எடுத்து அனுப்பச் சொன்னான். மைத்துனரை அவன் அறிந்து வைத்திருந்தது அவ்வளவு.

அவர்கள் திரும்பி வருகிற நாள் அமாவாசைக்கு முன்னால் நெருங்கி வந்து விழுந்தது. விமானத்துக்குள்ளேயும் வைஃபை இருக்கிறது, அம்மா யாரோடும் தொடர்பில் இருக்கலாம் என்று ஆரணி எல்லாவற்றையும் தாயின் தொலைபேசியில் சரிசெய்து கொடுத்தாள். விமானம் என்றால் பத்மாவதிக்கு இன்னொரு வசதியும் இருந்தது. யன்னல் ஓரத்தில், பட்டி கட்டி இருக்கிற மனுசன் எழும்பித் தோட்டத்துக்குப் போக முடியாது.

டோகாவில் விமானம் மாறி, கொழும்புக்கு வருகிற இரண்டாவது விமானத்தில் ஏறினார்கள். காலை வெயில். அருளம்பலம் யன்னல் பக்கம். குளிருக்குக் கம்பளித் தொப்பியை இழுத்து இரண்டு காதையும் மூடிக் கட்டியிருந்தார். விமானம் ஓடத்தொடங்கும் முன் ஒலிபெருக்கி கதைத்தது. ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாக ஓடாது. ஆனாலும் வயர்லெஸ் என்ற சொல்லும் புளூடூத் என்ற சொல்லும் தெளிவாகக் காதில் விழுந்தன. நிறுத்தச் சொல்கிறார்கள் என்பதும் விளங்கியது. புளூடூத் உள்ள சாமான் தன்னுடைய காதிலேயே இரண்டு இருக்கிறது என்பது ஆரணி சொல்லிக்கொடுத்த பாடம்.

தொப்பிக்குள் கையை விட்டு இரண்டையும் கழற்றினார். நிறுத்தினார். பெட்டியில் வைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானையும் பூட்டினார். பத்மாவதி அந்த நேரம் தன் பட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை. முதல் விமானத்திலும் இதையேதான் செய்தார். அதில் அவள் ஏறினதும் நித்திரை.

காது மிசினை நிறுத்தச் சொல்லி எந்த விமானத்திலும் யாரும் கேட்பதில்லை. தொலைபேசியை விமான நிலைக்கு மாற்று என்பதும், காதில் செருகிப் பாட்டுக் கேட்கிற சாமானைக் கொஞ்ச நேரம் எடு என்பதும்தான் கதை. அதுவும் மேலே ஏறி முடியும்வரைக்கும்தான். பணிப்பெண்ணைக் கூப்பிட்டுக் காதைத் தொட்டுக் காட்டியிருந்தால் அவள் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். கேட்கிற ஆளா இவர்? விமானம் மேகத்துக்கு மேலே ஏறி, சாப்பாடு வந்து, பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் காதில் கண்டதையும் செருகிப் படம் பார்க்கத் தொடங்கிய பிறகும், அருளம்பலத்தின் மிசின் பெட்டிக்குள் கிடந்தது. போட்டவன் வந்து எடுக்க வேண்டும். எடுத்ததாக ஒலிபெருக்கி சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த மெல்லிய சத்தம் வெறும் காதுக்கு எட்டியிராது.

அவர் கீழே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடல் அசையாமல் கிடந்தது. பத்மாவதி அவருடைய கையைப் பிடித்தாள். அவர் திரும்பவில்லை. அரைக்கண்ணில் அவளுடைய வாய் அசைவது தெரிந்தது. அவள் மடியைப் பார்த்துக் குனிந்துகொண்டு கதைத்தாள், அதனால் என்ன சொல்கிறாள் என்று பிடிபடவில்லை. தேத்தண்ணி வேணுமோ, குளிருதோ, இரண்டில் ஒன்று என்று நினைத்தார். வாய் அசைந்து நின்றது.

“ஓம்,” என்றார்.

அவள் கேட்டது கீர்த்திகனின் அந்தியேட்டியைப் பற்றி. மடியில் இருந்த தொலைபேசி அதைப் பதிந்துகொண்டிருந்தது.

கையில் ஈரம் பட்டது. திரும்பிப் பார்த்தார். பத்மாவதியின் கண்ணால் நீர் ஓடிக்கொண்டிருந்தது. விமானம் அந்த நேரம் பார்த்துக் கொஞ்சம் குலுங்கவும், மனுசி பயந்துபோனாள் என்று எடுத்துக்கொண்டு, பயப்பிடாதை என்று சொல்லி அவளுடைய கையைத் தட்டினார். அவள் தொலைபேசியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் இன்னும் ஏதோ சொன்னாள். பிறகு அவருடைய தோளில் தலையைச் சாய்த்து நித்திரையாகிப் போனாள். ஆள் பார்க்க இப்படித் தோளில் சாய்கிற வழக்கம் அவளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. அருளம்பலத்துக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. கை மரத்துப்போன பிறகும் அசையாமல் இருந்தார்.

கட்டுநாயக்காவில் இறங்கியதும் மிசினைப் போட்டுக்கொண்டார். அன்று வெள்ளவத்தையில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, அடுத்த நாள் காலையில் வாடகை வான் ஒன்றில் ஊருக்குப் புறப்பட்டார்கள். வழி முழுக்கப் பத்மாவதியின் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்தாள். கச்சான் வாங்கி உடைத்து உடைத்து அவருடைய கையில் போட்டாள். அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்தால் மனுசன் மாறிவிடுவாரோ என்ற பயத்தில் அவள் வாயைத் திறக்கவில்லை. அவரோ, கனடாக் காற்று மனுசிக்கு நன்றாகப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு கச்சான் கொறித்தார்.

பின்னேரம் வான் ஒழுங்கைக்குள் திரும்பியது. தன் வீட்டு வாசலில் தறப்பாள் பந்தல் ஒன்றைக் கண்டார் அருளம்பலம். பிளாஸ்டிக் கதிரைகள். வேலியோரம் மோட்டார் சைக்கிள்கள். யாரோ செத்துப்போனார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். யார் என்று கேட்டுக்கொண்டே இறங்கி, கால் தடுக்க உள்ளே போனார்.

விறாந்தையில் முக்காலி. அதன் மேல் கீர்த்திகனின் படம். முகாம் முகாமாக அவர் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்ற அதே படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தார்கள். அதற்கு மாலை போட்டிருந்தது. நெற்றியில் சந்தனப் பொட்டு. முன்னால் குத்துவிளக்கு எரிந்தது.

அருளம்பலம் மாலையைப் பார்த்தார். பிள்ளையின் உடலைக் கண்டெடுத்துவிட்டார்கள், தான் இல்லாத நேரத்தில் கொண்டுவந்து எரித்தும்விட்டார்கள் என்று ஒரு கணம் நினைத்தார். அந்தக் கணம் அவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. தூணைப் பிடித்துக்கொண்டு, எங்கே, எங்கே எடுத்தவங்கள் என்று கேட்டார். கேட்டது வாயால் வந்ததா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

கோபிசங்கர் ஓடிவந்து தாங்கினான். யாரும் எதையும் எடுக்கவில்லை என்றான். நாளைக்கு அமாவாசை, விடியக் கீரிமலைக்கு வான் ஒழுங்கு செய்திருக்கிறது, ஐயர் தர்ப்பையோடு வருவார் என்றான். அருளம்பலத்துக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் அவனுடைய கையை உதறினார்.

“ஆரைக் கேட்டு என்ரை பிள்ளைக்கு மாலை போட்டனீ?”

பந்தலில் இருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள். கோபிசங்கர் திகைத்துப்போய்த் தமக்கையைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான்.

“அத்தான், நீங்கள்தானே ஓம் எண்டனீங்கள். பிளேனுக்குள்ளை இருந்து அக்கா அனுப்பினவ. உங்கடை குரல்தான்.”

பொய் என்றார் அருளம்பலம். கோபிசங்கர் வேறு வழியில்லாமல் தொலைபேசியை எடுத்து, சத்தத்தைக் கூட்டி, அவருடைய காதுக்குக் கிட்டப் பிடித்தான்.

முதலில் விமானத்தின் இரைச்சல். பிறகு பத்மாவதி. அவ்வளவு மெல்லிய குரலை அவர் கேட்டதில்லை.

“இஞ்சாருங்கோ, எழும்பிப் போகாமல் கேளுங்கோ. என்னாலை இனி ஏலாது. தம்பிக்கு அந்தியேட்டி செய்வம். அவன் பசியோடை திரியிறான். நீங்கள் ஓம் எண்டு சொல்லுங்கோ.”

இரைச்சல். பிறகு கரடுமுரடான ஒரு குரல், அக்கறையே இல்லாமல், ஓம் என்றது. அது தன் குரல்தான் என்று அருளம்பலத்துக்குத் தெரிந்தது. அந்தக் குரலே தொடர்ந்து, பயப்பிடாதை என்றது. அதற்குப் பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தமும், தொலைபேசிக்கு மிகக் கிட்டப் பத்மாவதியின் குரலும் வந்தன.

“அப்பு, கேட்டியே? அப்பா ஓம் எண்டிட்டார். இனி உனக்குப் பசிக்காது.”

பதிவு நின்றது. ஓம் என்று சொல்லிவிட்டு இப்போது துள்ளுகிறாரே என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் நினைத்திருந்தால் அந்த ஓமை அப்படியே விட்டுவிட்டிருக்கலாம். பொய்யாகச் சம்மதித்துப் பிள்ளையைக் கரையேற்ற அவருக்கு மனம் வரவில்லை. பத்மாவதியைப் பார்த்துச் சொன்னார்.

“எனக்குக் கேக்கேல்லை, பத்மா. மிசின் பொக்கற்றுக்குள்ளை கிடந்தது. தேத்தண்ணி வேணுமோ எண்டு கேக்கிறாய் எண்டு நினைச்சன்.”

பத்மாவதி படியிலேயே நின்றாள். முகத்தில் இரண்டு நாளாக இருந்த தெளிவு அப்படியே வடிந்துபோனதை எல்லோரும் பார்த்தார்கள். அவள் அவரைக் குற்றம் சொல்லவில்லை. விறாந்தையில் ஏறிப் போனாள். விளக்கைக் கையால் அணைத்தாள். படத்திலிருந்து மாலையைக் கழற்றி முக்காலியில் சுருட்டி வைத்தாள். சேலைத் தலைப்பால் நெற்றியில் இருந்த சந்தனத்தைத் துடைத்தாள்.

வந்தவர்களுக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பு என்று தம்பியிடம் சொன்னாள். ஐயருக்கும் சொல்லிவிடு என்றாள். அத்தான் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றாள். கோபிசங்கர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

அவள் மாலையைக் கழற்றிய விதம் அருளம்பலத்தைத் தாக்கியது. கத்தியிருந்தால் அவரும் கத்தியிருப்பார், கிணற்றடிக்குப் போய் மோட்டரைப் போட்டிருப்பார். அவர் விறாந்தையில் ஏறினார். கேட்கப் பயந்து வைத்திருந்ததைக் கேட்டார்.

“ஏன் பத்மா எப்ப பாத்தாலும் பசி, பசி எண்டுறாய்? அங்கை குசினியிலையும் அவனுக்குத்தான் சாப்பாடு குடுத்துக்கொண்டு நிண்டனீ. ஐயர் சொன்னதுக்கோ?”

ஐயர் சொன்னதற்கு இல்லை என்றாள். அன்றைக்கு அவன் நெல்லியடிக்கு வெளிக்கிட்ட நேரத்தைச் சொன்னாள். அருளம்பலம் தோட்டத்தில் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு படலையில் நின்று தகப்பனைக் கூப்பிட்டான். குசினி யன்னலடியில் நின்ற அவளுக்கு எல்லாம் கேட்டது, தெரிந்தது.

“‘அப்பா, சரியாப் பசிக்குது, அம்மாவைச் சாப்பாடு போட்டு வைக்கச் சொல்லுங்கோ, ஓடிப்போட்டு ஓடிவாறன்’ எண்டவன். நீங்கள் ஓம் எண்டு தலையாட்டினீங்கள். நான் போட்டு மூடி வைச்சனான். மூண்டாம் நாள்தான் எடுத்துக் கொட்டினனான்.”

அருளம்பலம் அப்படியே சுவரோடு சாய்ந்து தரையில் இருந்துவிட்டார். பிள்ளை கடைசியாகக் கதைத்தது தன்னோடு என்பது இப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. அந்தப் படலையில் அவன் நின்றதோ, வாயசைத்ததோ, தான் தலையாட்டியதோ ஒன்றும் அவருக்கு நினைவில் இல்லை. எத்தனையோ ஓம்களில் அதுவும் ஒன்றாகப் போயிருக்கிறது. விசாரணைக்குப் போன இடமெல்லாம், கடைசியாக என்ன சொல்லிவிட்டுப் போனான் என்று கேட்டார்கள். அவள் அதை ஒவ்வொரு இடத்திலும் சொல்லியிருப்பாள். அவர் பக்கத்தில் நின்று அதற்கும் தலையாட்டியிருப்பார்.

பந்தலில் கதிரைகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். கோபிசங்கர் தொலைபேசியில் ஐயரின் இலக்கத்தைத் தேடிக்கொண்டு நின்றான். அருளம்பலம் அவனைக் கூப்பிட்டு, பொறு என்று சொன்னார். பிறகு மனைவியிடம், திரும்பக் கேள் பத்மா, இப்போது கேட்கிறது, கேள் என்றார்.

“இன்னொருக்காக் கேக்க என்னாலை ஏலாது,” என்றாள் அவள். “சொல்லுறதெண்டால் நீங்களாச் சொல்லுங்கோ.”

அவர் படத்தைப் பார்த்தார். சந்தனம் துடைத்த இடம் கண்ணாடியில் மங்கலாக இருந்தது. அந்த வீட்டில் இதுவரை யாரும் சொல்லாத சொல் ஒன்று இருந்தது. முகாம் வாசலில் நின்றவன், சந்தியில் நின்றவன், சாத்திரக்காரன், எத்தனையோ பேர் சொல்லப் பார்த்து அவருடைய முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்கள். அருளம்பலத்தின் உதடு இரண்டு தரம் திறந்து மூடியது.

“தம்பி செத்துப்போனான், பத்மா,” என்றார். “நாளைக்குப் போவம். நான்தான் அவனுக்குச் சோறு வைப்பன்.”

பத்மாவதி படத்தின் மேல் விழுந்து குழறினாள். அடிவயிற்றிலிருந்து வந்த குழறல். பந்தலில் நின்ற பெண்கள் ஓடிவந்து அவளைச் சுற்றி இருந்தார்கள். மகன் காணாமற்போன நாளிலிருந்து அவள் அழுததை அருளம்பலம் எத்தனையோ முறை கண்டிருக்கிறார். அதன் சத்தத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டார்.